பாயிண்ட்டைக் கொடுத்துக் கப்பல் ஏறலாமா?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறோம். 2016-ல் ஆர்லாண்டோவுக்குச் சுற்றுலா போனபோது 24,000 டாலருக்கு ஒரு டைம்ஷேர் (விடுமுறை ரிசார்ட்டுகளில் வருடா வருடம் சில நாள் தங்கும் உரிமை) வாங்கினோம். அறைக்குப் பணத்துக்குப் பதிலாகக் கொடுக்க வருடத்துக்கு 8,000 பாயிண்ட் வரும். பராமரிப்புக் கட்டணம் இப்போது வருடம் 1,760 டாலர். போன வருடம் எங்கும் போகவில்லை, அதில் 7,000 பாயிண்ட் இந்த வருடத்துக்கு வந்திருக்கிறது. டிசம்பர் 31-க்குள் செலவழிக்காவிட்டால் போய்விடும். ஆகஸ்டில் பேயோன் துறைமுகத்திலிருந்து பெர்முடாவுக்கு 5 இரவுக் கப்பல் பயணம் போகலாம் என்று ஆசை. நாங்கள் இருவர், குழந்தைகள் இருவர், ஒரே பால்கனி கேபின். கப்பல் நிறுவனத்தின் தளத்தில் வரியெல்லாம் சேர்த்து 4,600 டாலர் காட்டுகிறது. டைம்ஷேரை நடத்தும் எங்கள் கிளப்பில் கேட்டால் 15,000 பாயிண்ட், அதோடு வரி, துறைமுகக் கட்டணம் 640 டாலர், பதிவுக் கட்டணம் 99 டாலர் என்கிறார்கள். பாயிண்ட்டை வாடகைக்கு விட்டுக் கொடுக்கும் தரகர் ஒருவர் கமிஷன் போக பாயிண்ட்டுக்கு 30 சென்ட் தருவதாகச் சொல்கிறார். இதற்கிடையில் கிளப்பின் விற்பனையாளர், இன்னும் 4,000 பாயிண்ட் 18,000 டாலருக்கு வாங்கினால் வருடா வருடம் கப்பலில் போகலாம் என்கிறார். அடுத்த வருடம் ஊரிலிருந்து வரும் என் பெற்றோரையும் அலாஸ்கா கப்பலில் அழைத்துப் போக நினைக்கிறோம். பாயிண்ட்டைக் கப்பலுக்குப் போடுவது லாபமா?

பதில்: லாபம் இல்லை. பெரிய நஷ்டமும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் பெரிய நஷ்டம் ஒன்று ஒளிந்திருக்கிறது, அது அந்த 18,000 டாலர். அதற்குப் பிறகு வருகிறேன்.

கேள்வியிலேயே எல்லா எண்களையும் எழுதியதற்கு நன்றி. "பாயிண்ட் சும்மாதானே கிடக்கிறது, கப்பல் இலவசம் மாதிரிதானே" என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம். அப்படி எழுதினால் என்னால் எதுவும் சொல்ல முடியாது.

முதலில் கிளப் உங்கள் பாயிண்ட்டுக்கு என்ன விலை கொடுக்கிறது என்று பார்ப்போம். 4,600 டாலர் டிக்கெட்டில் 739 டாலரை நீங்கள் எப்படியும் கையிலிருந்து கட்டப் போகிறீர்கள். ஆக, 15,000 பாயிண்ட் அடைப்பது 3,861 டாலரை. ஒரு பாயிண்ட்டுக்கு 26 சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. நீங்கள் கட்டும் பராமரிப்புக் கட்டணம் பாயிண்ட்டுக்கு 22 சென்ட். விற்பனையாளர் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து, "பாருங்கள், பாயிண்ட்டுக்கு 4 சென்ட் லாபம்" என்று சொல்வார். 24,000 டாலரை அவர் கணக்கில் சேர்க்க மாட்டார்.

அந்த 24,000 டாலரை நானும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, ஆனால் வேறு காரணத்துக்காக. அது போன பணம். கப்பலில் போனாலும் போகாவிட்டாலும் திரும்பி வராது. இந்த வருட முடிவுக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தால் மனக்கஷ்டம்தான் மிச்சம். பராமரிப்புக் கட்டணமும் கட்டியாகிவிட்டது. இப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதே 15,000 பாயிண்ட்டை வேறு எதற்குப் போட்டால் 26 சென்ட்டுக்கு மேல் கிடைக்கும்?

பதிலுக்குப் போகும் முன், கப்பலுக்கு ஏன் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. கப்பல் நிறுவனம் உங்கள் பாயிண்ட்டை வாங்கிக்கொள்வதில்லை. அதற்கு டாலர்தான் வேண்டும். கிளப் என்ன செய்கிறது என்றால், உங்கள் பாயிண்ட்டுக்கு ஈடான அறைகளை வெளியாட்களுக்கு வாடகைக்கு விட்டுப் பணமாக்குகிறது. அதில் விளம்பரச் செலவு, ஆள் செலவு, அறை காலியாகவே கிடந்துவிடும் ஆபத்து, தன் லாபம் எல்லாவற்றையும் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கப்பல் டிக்கெட்டாகக் கொடுக்கிறது. நகைக்கடையில் பழைய தங்கத்தைக் கொடுத்தால் சேதாரம் கழிப்பார்களே, அதே கணக்கு. எந்த கிளப்பாக இருந்தாலும் கழிவு இருக்கும், அளவு மட்டும் மாறும்.

இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. டைம்ஷேரில் விலை வீட்டுக்கு, ஆளுக்கு அல்ல. இரண்டு படுக்கையறை வில்லாவில் நாலு பேர் தங்கினாலும் எட்டுப் பேர் தங்கினாலும் பாயிண்ட் ஒன்றுதான். கப்பலில் விலை தலைக்கு. ஒரே கேபினில் 3-வது, 4-வது ஆளுக்குக் கட்டணம் குறைவு என்றாலும் தலைக்குத் தலை வரி, துறைமுகக் கட்டணம், டிப்ஸ் எல்லாம் உண்டு. பெரிய குடும்பத்துக்கு மலிவாக இருக்கும் ஒரு பொருளைக் கொடுத்து, ஆளுக்கு ஆள் விலை ஏறும் ஒரு பொருளை வாங்குகிறீர்கள். டைம்ஷேரில் உங்களுக்கு இருக்கும் ஒரே உண்மையான அனுகூலம் அங்கேயே கரைந்துவிடுகிறது.

அதனால் என் முதல் யோசனை: இந்த வருடத்து 8,000 பாயிண்ட்டை வில்லாவுக்கே போடுங்கள். நியூஜெர்சியிலிருந்து காரில் போகும் தூரத்திலேயே போகோனோஸ் மலைப்பகுதியும் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கும் இருக்கின்றன, இரண்டிலும் டைம்ஷேர் ரிசார்ட்டுகள் நிறைய. விமான டிக்கெட் வேண்டாம். சமையலறை இருக்கிறது, குக்கரையும் தோசைமாவையும் காரில் போட்டுக்கொண்டு போகலாம். இன்னொரு குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு செலவைப் பங்கு போட்டால் இன்னும் நல்லது. ஒரு வாரத்துக்கு 7,000 பாயிண்ட் ஆகிறது, அதே ஊரில் உங்களுக்கு இரண்டு ஹோட்டல் அறை ஒரு இரவுக்கு மொத்தம் 400 டாலர் ஆகியிருக்கும் என்று வைத்துக்கொண்டால், பாயிண்ட்டுக்கு 40 சென்ட் கிடைத்த மாதிரி. ஆனால் ஒன்று: அந்த ஹோட்டலுக்கு நீங்கள் நிஜமாகவே பணம் கொடுத்துப் போயிருப்பீர்களா? போயிருக்க மாட்டீர்கள் என்றால் 40 சென்ட் என்று எழுதாதீர்கள். போகாத ஹோட்டலின் விலையை வரவில் வைப்பது டைம்ஷேர்காரர்களின் பழக்கம், நமக்கு வேண்டாம்.

சரி, வில்லா வேண்டாம், இந்த வருடம் கப்பல்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டதா? அப்போது தரகரின் 30 சென்ட்டைப் பாருங்கள். 15,000 பாயிண்ட்டையும் அவர் மூலம் வாடகைக்கு விட்டால் 4,500 டாலர். கப்பலுக்கு 4,600. கையிலிருந்து போவது 100 டாலர். கிளப் வழியில் போனால் 739. வித்தியாசம் 639 டாலர்.

இங்கே வரியை மறக்கக் கூடாது. வாடகைப் பணம் வருமானம், வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். அந்தப் பாயிண்ட்டுகளுக்கான பராமரிப்புக் கட்டணம் 3,300 டாலரைச் செலவாகக் கழிக்க முடிந்தால் மிச்சம் 1,200 டாலர்தான் வருமானம். மத்திய வரி, மாநில வரி எல்லாம் சேர்த்து 300, 350 போனாலும் கிளப் வழியைவிட நீங்கள் முன்னால்தான் இருப்பீர்கள். முழுதாகக் கழிக்க முடியாத நிலைமை என்றால் லாபம் காணாமல் போய்விடும். சொந்த உபயோகம் எவ்வளவு, வாடகை எவ்வளவு என்பதைப் பொறுத்த விஷயம் இது. உங்கள் வரிக் கணக்கு பார்ப்பவரிடம் பாயிண்ட்டை வாடகைக்கு விடும் முன்பே கேளுங்கள், அடுத்த ஏப்ரலில் அல்ல. உங்கள் கிளப்பின் விதிகள் வாடகையை அனுமதிக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் எப்போதாவது வாடகைக்கு விடுவதைப் பல கிளப்புகள் கண்டுகொள்வதில்லை, வியாபாரமாகச் செய்தால் தடுப்பார்கள். தரகர் உங்களிடம் முன்பணம் கேட்டால், அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேடாமல் தானாகத் தொலைபேசியில் வந்து "உங்கள் பாயிண்ட்டுக்கு ஆள் தயார்" என்று சொல்பவருக்கும் அதே மரியாதைதான்.

பணத்தில் வித்தியாசம் சில நூறு டாலர்தான் என்றால் எதற்கு இவ்வளவு அலைச்சல் என்று கேட்பீர்கள். நியாயம். பணம் கொடுத்து வாங்கும் டிக்கெட்டில் இன்னொரு வசதி இருக்கிறது. ரீஃபண்ட் உள்ள டெபாசிட்டில் பதிவு செய்தால், மீதிப் பணம் கட்டும் கடைசித் தேதி வரை (பெரும்பாலும் பயணத்துக்கு 75 முதல் 90 நாள் முன்பு) விலை இறங்கினால் புது விலைக்கு மாற்றித் தரச் சொல்லலாம், மனம் மாறினால் டெபாசிட்டைத் திரும்ப வாங்கலாம். ஜனவரி முதல் மார்ச் வரை கப்பல் நிறுவனங்கள் சலுகைகளை அள்ளி விடும் பருவம், அப்போது கப்பலுக்குள் செலவழிக்கும் பணம், பான பேக்கேஜ் என்று ஏதாவது சேர்த்துக் கொடுப்பார்கள். கிளப் வழியாகப் போனால் இவற்றில் பாதி உங்களுக்குக் கிடைக்காது. விலை இறங்கினாலும் பாயிண்ட் இறங்காது. ரத்து செய்தால் பாயிண்ட் திரும்பி வருமா, வந்தால் எந்தத் தேதிக்குள் செலவழிக்க வேண்டும் என்பது தனிக் கதை. பயண இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பல பாலிசிகள் நீங்கள் கட்டிய டாலருக்குத்தான் பொறுப்பேற்கும், இழந்த பாயிண்ட்டுக்கு மதிப்புப் போட்டுத் தராது.

விலையை ஒப்பிடும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. கலிபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்துக்குப் பிறகு, பெரிய கப்பல் நிறுவனங்கள் அமெரிக்கா முழுவதும் வரி, துறைமுகக் கட்டணம் சேர்த்த விலையையே விளம்பரத்தில் காட்டுகின்றன. டைம்ஷேர் கிளப்போ பாயிண்ட்டைப் பெரிதாகவும் வரியைக் கீழே பொடி எழுத்திலும் காட்டும். நீங்கள் 640 டாலரைத் தனியாகக் கேட்டு வாங்கியது சரியான வேலை. அதே கப்பல், அதே தேதி, அதே வகைக் கேபின்தானா என்றும் பாருங்கள். கேபின் எண்ணைக் கப்பல்காரர்களே கடைசியில் முடிவு செய்யும் வகை பொதுவாக மலிவு. அதை, நீங்கள் தேர்ந்தெடுத்த கேபினோடு ஒப்பிடக் கூடாது. டிப்ஸ் இரண்டு வழியிலும் தனி. இப்போது அமெரிக்காவிலிருந்து கிளம்பும் கப்பல்களில் ஆளுக்கு நாளுக்கு 16 முதல் 20 டாலர் வரை ஆகிறது, குழந்தைகளுக்கும் சேர்த்து. உங்கள் நாலு பேருக்கு 5 நாளுக்கு 320-லிருந்து 400 டாலர் எடுத்து வையுங்கள்.

இனி அந்தப் பழைய 7,000 பாயிண்ட். இங்கே என் பதில் கொஞ்சம் மாறுகிறது. டிசம்பர் 31-க்குப் பிறகு அதன் மதிப்பு பூஜ்யம். பூஜ்யத்தோடு ஒப்பிட்டால் 26 சென்ட் பெரிய தொகைதான். வாடகைக்கு விட முடிந்தால் 2,100 டாலர், அதைக் கப்பல் டிக்கெட்டுக்குப் போடலாம். ஆனால் காலாவதி நெருங்கிய பாயிண்ட்டுக்குத் தரகர் 30 சென்ட் தர மாட்டார், பல நேரம் வேண்டாம் என்றே சொல்லிவிடுவார். அதனால் இந்த வாரமே கேளுங்கள். அவர் கையை விரித்துவிட்டால் இந்த 7,000-ஐ வில்லாவுக்குப் போடுங்கள்; 8,000-ஐ, விதி இடம் கொடுத்தால், அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். எப்போதும் பழைய பாயிண்ட்டை முதலில் செலவழிக்க வேண்டும், கிளப்பின் கணினி தானாக அப்படிச் செய்கிறதா என்றும் பாருங்கள். வில்லாவும் கிடைக்கவில்லை, தரகரும் இல்லை என்றால் தாராளமாகக் கப்பலுக்குக் கொடுங்கள். அப்போதும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: டிசம்பருக்குள் பதிவு செய்தால் போதுமா, பயணமே முடிந்திருக்க வேண்டுமா? கிளப்புக்குக் கிளப் மாறும்.

தள்ளி வைப்பதற்கும் கெடு உண்டு, அது வருடக் கடைசியில் வருவதில்லை. டிஸ்னியின் வெக்கேஷன் கிளப் என்ற டைம்ஷேர் கிளப்பில், உங்கள் பயன்பாட்டு வருடம் (பாயிண்ட் வரும் மாதத்திலிருந்து 12 மாதம்) தொடங்கி 8 மாதத்துக்குள் தள்ளி வைத்துவிட வேண்டும். கடைசி 4 மாதத்தில் ஞாபகம் வந்து பயனில்லை. உங்கள் கிளப்பின் கெடுவை இன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

டிஸ்னியைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டிஸ்னி கப்பல் பற்றி இதே கேள்வியை நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்த கிளப் 1991-ல் தொடங்கியது, டிஸ்னியின் முதல் கப்பல் 1998-ல் கிளம்பியது. பாயிண்ட்டைக் கப்பலுக்குப் போட வழி உண்டு. ஆனால் 2011 மார்ச் 21-க்குப் பிறகு மறுவிற்பனையில் வாங்கிய பாயிண்ட்டை அப்படிப் போட முடியாது, டிஸ்னியிடம் நேரடியாக வாங்கியதுதான் செல்லும். இதைத் தெரியாமல், கப்பல் ஆசையில் மறுவிற்பனையில் வாங்குகிறவர்கள் உண்டு. நேரடியாக வாங்கியவர்களில் கணக்குப் பார்க்கிறவர்கள் செய்வது என்ன? பாயிண்ட்டை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் கப்பல் டிக்கெட் வாங்குவார்கள். அங்கே பல ரிசார்ட்டுகளில் வாடகை விலை பராமரிப்புக் கட்டணத்தைவிட நன்றாகவே அதிகம் என்பதால் அது எளிதான முடிவு. எல்லா கிளப்பிலும் அப்படி இல்லை. வாடகைச் சந்தையில் பராமரிப்புக் கட்டணம்கூடத் தேறாத பாயிண்ட்டுகளும் உண்டு. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு, வில்லாவுக்குப் போக வாய்ப்பே இல்லாத வருடத்தில், கப்பல் மாற்று அவ்வளவு மோசமில்லை.

ஆர்.சி.ஐ, இன்டர்வெல் இன்டர்நேஷனல் மாதிரி பரிமாற்ற நிறுவனங்கள் (உங்கள் டைம்ஷேர் வாரத்தை வேறு ரிசார்ட்டுக்கு மாற்றித் தருபவர்கள்) மூலமும் கப்பல் கிடைக்கும். 1974-லிருந்தும் 1976-லிருந்தும் இருப்பவர்கள். அங்கே பெரும்பாலும் உங்கள் வாரத்தை அல்லது பாயிண்ட்டை வாங்கிக்கொண்டு டிக்கெட் விலையில் ஒரு பகுதியைக் கழிப்பார்கள், மீதியை நீங்கள் கட்ட வேண்டும். கழிக்கும் தொகையை உங்கள் ஒரு வருடப் பராமரிப்புக் கட்டணத்தோடு வைத்துப் பாருங்கள். அதைவிடக் குறைவு என்றால் யோசிக்கவே வேண்டாம்.

இப்போது அந்த 18,000 டாலர். 4,000 பாயிண்ட் வருடத்துக்கு. உங்கள் கிளப்பே கொடுக்கும் 26 சென்ட் கணக்கில் அது வருடம் சுமார் 1,030 டாலர் கப்பல் டிக்கெட். அந்தப் பாயிண்ட்டுக்கு வருடப் பராமரிப்பு 22 சென்ட் வீதம் 880 டாலர். நிகர ஆதாயம் வருடத்துக்கு 150 டாலர். இதற்கு 18,000 டாலர் முதல். வட்டியே இல்லாமல் கட்டினாலும் முதல் திரும்ப 120 வருடம் ஆகும், அதுவும் பராமரிப்புக் கட்டணம் ஏறவே ஏறாது என்று நம்பினால். அவர்கள் கொடுக்கும் கடனில் வாங்கினால் நிலைமை இன்னும் வேடிக்கை: 15 சதவீத வட்டிக்கு 10 வருடம் என்றால் மாதம் 290 டாலர், மொத்தம் கிட்டத்தட்ட 34,850. அதே 18,000 டாலரை வங்கியில் போட்டு வைத்தால், வட்டியைச் சேர்க்காமலே, இன்றைய விலையில் இதே பெர்முடா கப்பலில் கிட்டத்தட்ட நாலு முறை குடும்பத்தோடு போய் வரலாம். பாயிண்ட் வேண்டாம், கிளப் வேண்டாம், காலை உணவு கொடுத்து விற்கப் பார்க்கும் யாருடைய கூட்டத்திலும் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டாம்.

கடிதத்தில் "விற்பனையாளர் என்கிறார்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், கையெழுத்துப் போட்டீர்களா என்று சொல்லவில்லை. போட்டிருந்தால் இந்தப் பதிலை மீதி படிக்கும் முன்பே ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். எந்த மாநிலச் சட்டத்தின் கீழ் என்று அதில் இருக்கும். ஃப்ளோரிடாவில் 10 நாளுக்குள், கலிபோர்னியாவில் 7 நாளுக்குள், நெவாடாவில் 5 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம், கட்டிய பணம் திரும்ப வரும். தொலைபேசியில் சொன்னால் போதாது. ஒப்பந்தத்தில் எந்த முகவரிக்கு, எந்த முறையில் என்று போட்டிருக்கிறதோ அப்படியே எழுத்தில், தேதிக்கு அத்தாட்சி இருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். விற்பனையாளர் "இரண்டு நாள் பொறுங்கள், இன்னும் நல்ல விலை வாங்கித் தருகிறேன்" என்று இழுப்பார். அந்த இரண்டு நாள்தான் அவருக்கு வேண்டியது.

கடைசியாக அலாஸ்கா. பெற்றோருடன் என்று எழுதியதால் சொல்கிறேன், இதற்கும் பாயிண்ட்டின் மதிப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சியாட்டிலிலிருந்து கிளம்பி சியாட்டிலுக்கே திரும்பும் அலாஸ்கா கப்பலும் கனடாவில், பெரும்பாலும் விக்டோரியாவில், நின்றுதான் வரும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளை ஏற்றி இறக்க 1886-ம் வருடச் சட்டம் விடுவதில்லை. அதனால் இந்தியப் பாஸ்போர்ட்டில் வரும் அப்பா, அம்மாவுக்கு அமெரிக்க விசா மட்டும் போதாது, கனடா விசாவும் எடுக்க வேண்டும். அமெரிக்க விசாவும் பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். நீங்கள் எச்-1பி என்ற வேலை விசாவில் இருந்து, பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், இந்த ஆகஸ்ட் பெர்முடா பயணத்துக்கே பிரச்சினை: முத்திரை இல்லாமல் 30 நாளுக்குள் திரும்பி வரும் சலுகை எச்-1பி-காரர்களுக்குக் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும்தான், தீவுகளுக்கு இல்லை. விசா கிடைக்காமல் பயணம் ரத்தானால், பணம் கொடுத்து வாங்கிய டிக்கெட்டைக் கெடுத் தேதிக்குள் திருப்பிவிடலாம். கிளப் மூலம் மாற்றிய பாயிண்ட் அப்படித் திரும்பும் என்று நம்ப முடியாது. ஆறு பேரின் பாஸ்போர்ட்டையும் மேசையில் பரப்பி, விசா எல்லாம் கையில் வந்த பிறகு அலாஸ்காவுக்குப் பதிவு செய்யுங்கள், அதையும் பணமாகவே கட்டுங்கள்.